தாத்தா நிற்கும் கார் படம்: எந்த வருஷத்துக் கார் இது?

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். பெரியப்பா வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணும்போது டிரங்குப் பெட்டிக்குள் ஒரு படம் கிடைத்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஒரு வீட்டு வாசலில் கார் நிற்கிறது. முன் மட்கார்டில் கை வைத்துக்கொண்டு என் தாத்தா. பின்கதவை ஒட்டி அப்பாயி, இடுப்பில் கைக்குழந்தை. ஸ்டியரிங் பக்கத்துக் கதவருகே காக்கிச் சட்டை போட்ட ஒருவர். அவர் யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் சொல்லிவருவது இதுதான்: தாத்தா 1936இல் சொந்தமாகக் கார் வாங்கினார், எங்கள் தெருவிலேயே முதல் கார் அதுதான், இடுப்பில் இருப்பது மூத்த பெரியப்பா. பெரியப்பா பிறந்தது யுவ வருஷம், அதாவது 1935. கணக்கும் சரியாக வருகிறது. என்ன கார் என்று தெரிந்தால், அடுத்த மாதம் குடும்பம் கூடும்போது பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டலாம் என்று இருக்கிறோம். மொபைலில் எடுத்ததை இணைத்திருக்கிறேன். நம்பர் பிளேட் மங்கல்.

பாலக்கரை:
அப்பாயி முகத்தில் என்ன ஒரு கண்டிப்பு! அருமையான படம். கார் மாரிஸ் 8 போலத் தெரிகிறது. திருச்சியில் எங்கள் பக்கத்து வீட்டு டாக்டர் ஒன்று வைத்திருந்தார். மாரிஸ் 8 அந்த வருஷங்களில் வந்ததுதான், அதனால் உங்கள் வீட்டுக் கதை பொருந்துகிறது.

கோவை ஒர்க்‌ஷாப்:
மாரிஸ் 8தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 1936 இல்லை.

மாரிஸ் 8 முதலில் வந்தது 1934 கடைசியில். அந்த வண்டிகளில் ஹெட்லைட் தனியாக, பானட்டுக்கு இரண்டு பக்கமும் கிண்ணம் போல நிற்கும். கதவுக்குக் கீழே கால் வைத்து ஏற ஃபுட்போர்டு இருக்கும். உங்கள் படத்தில் ஹெட்லைட் மட்கார்டுக்குள்ளேயே புதைந்திருக்கிறது. ஃபுட்போர்டும் இல்லை. இது சீரிஸ் ஈ என்கிற மாடல். இங்கிலாந்தில் அதை வெளியிட்டது 1938 அக்டோபரில். கப்பல் ஏறி நம் ஊர் வந்து சேர்ந்திருந்தால் 1939தான் ஆகியிருக்கும்.

சக்கரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கம்பி ஆரம் என்றால் பழசு, தகட்டுச் சக்கரம் என்றால் புதுசு என்று பலர் சொல்வார்கள். சீரிஸ் ஈக்கு முந்தைய மாரிஸ் 8இலேயே கடைசியில் வந்த வண்டிகளுக்குத் தகட்டுச் சக்கரம் உண்டு. ஹெட்லைட்டும் ஃபுட்போர்டும்தான் இங்கே சாட்சி.

இன்னொன்று. கார் மாடலை வைத்து "இதற்கு முன்னால் எடுத்திருக்க முடியாது" என்று மட்டுமே சொல்லலாம். இந்த மாடல் 1948 வரை வந்தது. போரால் 1940க்கும் 1945க்கும் நடுவில் அங்கே பொதுமக்களுக்கான கார் தயாரிப்பு அநேகமாக நின்றுபோனது. வண்டியை அதன்பிறகும் இருபது வருஷம் ஓட்டியிருப்பார்கள். படம் 1939இலும் எடுத்திருக்கலாம், 1955இலும் எடுத்திருக்கலாம்.

வெண்ணாற்றங்கரை:
நன்றி அண்ணா. கேட்டதும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. 1939 என்றால் மூத்த பெரியப்பாவுக்கு நாலு வயது. இடுப்பில் இருப்பது ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை. அப்படியென்றால் அது அவர் இல்லை. வீட்டில் இதைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தேனிக்காற்று:
ஐயா, உங்கள் படத்தை ஒரு ஏ.ஐ. செயலியில் போட்டுத் தெளிவாக்கியிருக்கிறேன், பாருங்கள். கறை, கீறல் எல்லாம் போய்விட்டது, வண்ணமும் சேர்த்திருக்கிறேன். நம்பர் பிளேட் நன்றாகவே படிக்க முடிகிறது, நாலு இலக்கம். இதை வைத்துத் தேடலாமே?

இருட்டறை:
நாற்பது வருஷம் ஸ்டூடியோவில் டெவலப்பிங், பிரிண்டிங் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தம்பி நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார். ஆனால் இந்தப் படத்தைத் தயவுசெய்து யாரும் சேமித்து வைக்க வேண்டாம்.

முதல் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூலப் படத்தின் பிளேட்டில் எழுத்துகளுக்குப் பிறகு மூன்று இலக்கத்துக்குத்தான் இடம் இருக்கிறது. செயலி நாலு இலக்கம் எழுதியிருக்கிறது. அது படித்துச் சொல்லவில்லை, இப்படி இருக்கலாம் என்று தானே வரைந்திருக்கிறது. காக்கிச் சட்டைக்காரருக்கு வலது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு போலத் தெரிந்தது, அதைக் காணோம். அப்பாயியின் மூக்குத்தி ஒரு பக்கம் போய்விட்டது. அந்த முகம் இனி உங்கள் அப்பாயி முகம் இல்லை, அவரைப் போன்ற யாரோ ஒருவர் முகம்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. மூலப் படத்தில் இடது ஹெட்லைட்டின் மேல் கறுப்பாக ஏதோ இருக்கிறது. அழுக்கா, நிஜமாகவே அங்கே இருந்த பொருளா என்று என்னால் இந்த மொபைல் படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. செயலி அதை அழுக்கு என்று முடிவு கட்டித் துடைத்துவிட்டது.

பழைய படத்தில் எது அழுக்கு, எது தகவல் என்று தெரியும் முன்னால் எதையும் துடைக்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

தேனிக்காற்று:
புரிகிறது ஐயா. பிளேட்டைக் கவனிக்காமல் போட்டுவிட்டேன். அந்தப் படத்தை இழையிலிருந்து எடுத்துவிடுகிறேன். சும்மா அழகுக்காக வண்ணம் சேர்ப்பதும் தவறா?

இருட்டறை:
தவறு என்று சொல்ல மாட்டேன். நாங்களே அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறோம். புடவைக்கு என்ன நிறம் என்று வீட்டுக்காரர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு தீட்டுவோம். கேட்காமல் தீட்டுவதில்தான் எனக்கு வருத்தம். செய்தால் கீழே "வண்ணம் பின்னால் சேர்த்தது" என்று படத்திலேயே எழுதிவிடுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை, உங்களுக்கு ஒரு வேலை. படத்தை ஃபிளாட்பெட் ஸ்கேனரில் வைத்து 1200 டிபிஐயில் எடுங்கள். இவ்வளவு சிறிய படத்துக்கு 300, 600 எல்லாம் போதாது. டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். "ஷார்ப்", "தூசி நீக்கு" போன்ற வசதிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், காலியாக இருந்தாலும். ஓரம் நேராக வெட்டியிருக்கிறதா, வளைவு வளைவாக இருக்கிறதா, அளவு என்ன என்பதையும் சொல்லுங்கள்.

மயிலை மாடவீதி:
நம்பர் பிளேட் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

மதராஸ் நகரத்து வண்டிகளுக்கு ஆரம்பத்தில் எம்.சி. என்ற இரண்டு எழுத்துகள்தான். எம்.சி. 1 சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடைய கார். துறைமுகக் கழகத் தலைவராக இருந்தாரே, கணிதமேதை ராமானுஜன் 1912இல் குமாஸ்தாவாகச் சேர்ந்தது அவரிடம்தான். எம்.சி. 3 நம்பெருமாள் செட்டியாருடையது. மதராஸில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் அவர். இதிலும் ராமானுஜன் வருகிறார்: 1920இல் அவருடைய கடைசி நாட்கள் கழிந்தது சேத்துப்பட்டில் செட்டியாருக்குச் சொந்தமான வீட்டில். அதற்கும் முன்னால் 1901இலேயே பாரி கம்பெனி இயக்குநர் யார்க் என்பவர் அடையாற்றிலிருந்து பாரிமுனைக்குக் காரில் போய்வந்திருக்கிறார். 1903இல் மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் கிரீன் நீராவியில் ஓடும் காரையே கட்டியிருக்கிறார். மதராஸ் காரின் கதை நீளமானது, தனி இழை போடலாம்.

இந்தப் படத்துக்கு வருகிறேன். 1939 மோட்டார் வாகனச் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கு எம்.எஸ்., எம்.டி. என்ற எழுத்துகளை ஒதுக்கியது. அதோடு மூன்றாவது எழுத்தும் சேரும். அதனால் பழைய படத்தில் எம்.எஸ். என்று தொடங்கும் மூன்றெழுத்து பிளேட் இருந்தால் அது அந்தச் சட்டத்துக்குப் பிறகு எடுத்தது. டி.என்., டி.எம். என்று தொடங்கினால் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்ததற்கும் பிறகு. எம்.ஜி.ஆர். அம்பாசிடரின் டி.எம்.எக்ஸ். 4777 எல்லோருக்கும் தெரியுமே, அந்த வரிசை. டி.என். 01 போன்ற எண் முறை 1989இலிருந்து. உங்கள் படத்தில் முதல் இரண்டு எழுத்து எம்.எஸ். மாதிரித்தான் எனக்குப் படுகிறது. ஸ்கேன் வரட்டும்.

சுழிபுரம்:
வணக்கம். நான் யாழ்ப்பாணம். நம்பர் பிளேட் கதை வந்ததால எழுதுறன்.

எங்கட அப்பப்பாவின் ஒஸ்ரின் ஏ40 காருக்கு முன்னால குடும்பமாக நின்று எடுத்த படம் ஒன்று இருக்கு. பிளேட்டில் நடு எழுத்து மட்டும் கறுப்பாக அப்பியிருக்கும். சின்ன வயதில் படத்தில் மை கொட்டிவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் சித்தப்பா விளங்கப்படுத்தினார். 1957 தொடக்கம் வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட பிளேட் வந்தது. அதை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளில் அந்த எழுத்துக்குத் தார் பூசினார்கள், சிலர் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். 1958 வரைக்கும் அந்தப் போராட்டம் நடந்தது. அந்தக் கறுப்புத்தான் எங்கட படத்தின் திகதி. இருட்டறை ஐயா சொல்வது போல ஒரு செயலி அதைச் "சுத்தமாக்கி" இருந்தால் படத்தின் உயிரே போயிருக்கும்.

அந்தக் கார் பிறகும் கனகாலம் ஓடினது. 1990க்குப் பிறகு பெற்றோல் வராத காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ் மைனர், ஏ40 எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் மணமும் தெரு முழுக்க நிற்கும். 1995 ஒக்ரோபர் கடைசியில் ஊரே இடம்பெயர்ந்தபோது காரை விட்டுவிட்டு வந்தோம். அம்மம்மா அல்பத்தை உரப்பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவ. எங்களிடம் இப்ப இருப்பது படம் மட்டும்தான்.

மொறிஸ் மைனர் படம் வைத்திருப்பவர்களுக்கு: முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் 1956க்கு முந்தின மாடல். ஒரே கண்ணாடியாக வளைந்திருந்தால் அதற்குப் பிறகு.

பாலக்கரை:
சுழிபுரம், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்த ஆல்பம் முழுவதையும் ஸ்கேன் செய்துவிட்டீர்களா?

சுழிபுரம்:
பாதி முடிந்தது அக்கா. மீதிப் படங்கள் அல்பத்தின் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டன் என்கின்றன.

இருட்டறை:
உரிக்காதீர்கள்! பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி, ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களுக்கும் இதேதான். படத்தின் மேல் பூச்சு ஜெலட்டின். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்துப் படமெடுப்பதே பாதுகாப்பு. மைதாப் பசை போட்டு ஒட்டியிருந்தால் ராமபாணப் பூச்சி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு மாவுப் பசை என்றால் உயிர்.

கோவை ஒர்க்‌ஷாப்:
எங்கள் வீட்டிலும் ஒரு கார் படம் இருக்கிறது. கொள்ளுத் தாத்தா ஸ்டியரிங் பிடித்திருக்கிறார், பக்கத்தில் அவருடைய தம்பி. நான் தொழிலுக்கு வந்த பிறகுதான் உற்றுப் பார்த்தேன். சக்கரம் வட்டமாகவே இல்லை, டயருக்குத் தரையில் நிழலும் இல்லை. பலகையில் வரைந்த கார்! திருவிழாக் கடைகளிலும் ஸ்டூடியோக்களிலும் இப்படி வைத்திருப்பார்களாமே?

இருட்டறை:
ஆமாம். கார், விமானம், மோட்டார் சைக்கிள் என்று பலகையில் வெட்டி வண்ணம் தீட்டி வைத்திருப்பார்கள். பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைப்போம். அதில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டவர்கள் யாரையும் ஏமாற்ற எடுத்துக்கொள்ளவில்லை. கார் ஆசை இருந்தது, படத்திலாவது ஏறினார்கள். அந்தப் படத்தையும் அதே மரியாதையோடு வைத்திருங்கள். தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் தேடித்தேடி ஸ்கேன் செய்து சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பதெல்லாம் குப்பை என்று நினைப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

நிஜக் காரோடு எடுத்த படங்களிலும் ஒரு கேள்வியை எப்போதும் கேட்டுக்கொள்ளுங்கள்: கார் யாருடையது? பக்கத்தில் நிற்பதால் அவருடையது ஆகிவிடாது. வாடகைக் கார், முதலாளியின் கார், கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய கார், வழியில் நின்ற கார் என்று எல்லாமே உண்டு.

படம் இடவலம் மாறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்துவிட்டால் ஸ்டியரிங் இடப்பக்கம் வந்துவிடும், "அமெரிக்காவிலிருந்து வந்த கார்" என்று வீட்டில் ஒரு கதையும் பிறந்துவிடும். சட்டைப் பை இடது மார்பில் இருக்கிறதா, முந்தானை எந்தத் தோளில் என்று பார்த்தால் போதும்.

வெண்ணாற்றங்கரை:
ஸ்கேன் இணைத்திருக்கிறேன். அளவு ஏறக்குறைய 6க்கு 9 சென்டிமீட்டர். ஓரம் வளைவு வளைவாக வெட்டியிருக்கிறது. பின்பக்கம் காலி, ஸ்டூடியோ முத்திரை எதுவும் இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தபோது நெஞ்சு படபடத்துவிட்டது. பின் ஜன்னலுக்குள் ஒரு பையனின் முகம் தெரிகிறது. ஆறு, ஏழு வயது இருக்கும். நெற்றியும் காதும் அப்படியே மூத்த பெரியப்பா! இத்தனை வருஷமாக இந்தப் படத்தில் நாலு பேர் என்று நினைத்திருந்தோம், ஐந்து பேர் இருக்கிறார்கள்.

மயிலை மாடவீதி:
பையன் பெரியப்பா என்றால் வருஷம் 1941, 42 பக்கம் வருகிறது. பிளேட்டில் எம்.எஸ். தெளிவாகவே இருக்கிறது. மூன்றாவது எழுத்தும் கடைசி இலக்கமும் தெரியவில்லை. அவற்றைத் தெரியாது என்றே விட்டுவிடுவோம்.

கோவை ஒர்க்‌ஷாப்:
எல்லோரும் இடது ஹெட்லைட்டைப் பாருங்கள். அது அழுக்கு இல்லை. தகட்டு மூடி, நடுவில் கீற்றுப் போல ஒரு வெட்டு. போர்க்கால இருட்டடிப்பு மூடி! வானிலிருந்து வெளிச்சம் தெரியக் கூடாது என்று ஹெட்லைட்டை இப்படி மூடச் சொன்னார்கள். முன் மட்கார்டின் ஓரத்திலும் வெள்ளைக் கோடு அடித்திருக்கிறது, இருட்டில் எதிரே வருபவர்களுக்குத் தெரிவதற்காக. நான் முதலில் அதைக் குரோமியப் பட்டை என்று நினைத்தேன். இந்த மாடலுக்கு அங்கே பட்டை கிடையாது.

மயிலை மாடவீதி:
பின்னால் கட்டியிருக்கும் மூட்டைகள்? படுக்கைச் சுருள் ஒன்று, டிரங்குப் பெட்டி ஒன்று, அதன் மேல் கவிழ்த்த அண்டா. உல்லாசப் பயணத்துக்கு யாரும் அண்டா கொண்டுபோக மாட்டார்கள்.

1942 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். 5ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். அடுத்தது மதராஸ்தான் என்று அரசாங்கமே மக்களை வெளியேறச் சொன்னது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சி சாலையில் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். கையில் கிடைத்த வண்டியில் ஏறி லட்சக்கணக்கானவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். வயதானவர்கள் அதை "எவாக்குவேஷன்" என்றே சொல்வார்கள்.

இது அப்போது எடுத்த படமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல வீட்டிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். தாத்தா அப்போது மதராஸில் இருந்தாரா?

வெண்ணாற்றங்கரை:
இருந்தார். பாரிமுனையில் ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கராக வேலை. திருவல்லிக்கேணியில் வாடகை வீடு. ஊருக்கு எப்போது திரும்பினார் என்று எனக்குத் தெரியாது. அத்தை இருக்கிறார், 80 தாண்டிவிட்டது. அவரிடம் கேட்கிறேன்.

பாலக்கரை:
கேட்கும்போது "இது 1942 படமா?" என்று கேட்காதீர்கள். படத்தைப் பெரிய பிரிண்டாகக் கையில் கொடுத்து, சும்மா பேச விடுங்கள். நாம் பதிலை எடுத்துக்கொடுத்தால் பெரியவர்கள் நம் திருப்திக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். பேசுவதைப் பதிவு செய்துகொள்ளுங்கள், அவரிடம் கேட்டுக்கொண்டு.

வெண்ணாற்றங்கரை:
அத்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். பாலக்கரை அக்கா சொன்னபடி எதுவும் சொல்லாமல் படத்தைக் கொடுத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குழந்தையின் மேல் விரலை வைத்து, "இது நான்தான்டா. இந்த வெள்ளி அரைஞாண் என்னோடது, அம்மா ரொம்ப நாள் பெட்டியில வச்சிருந்தா" என்றார். ஜாதக நோட்டை எடுத்துப் பார்த்தோம். அத்தை பிறந்தது விஷு வருஷம் ஆனி மாதம், 1941. ஏப்ரல் 42இல் பத்து மாதக் குழந்தை.

அவருக்கு நினைவில்லைதான். ஆனால் அப்பாயி சொல்லக் கேட்டதை வரிசையாகச் சொன்னார். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று தெருவே காலியானது. எழும்பூரில் ரயில் ஏற முடியாத கூட்டம். தாத்தாவின் முதலாளி தன் காரைக் கொடுத்து, செங்கல்பட்டு வரைக்கும் கொண்டுபோய் விடச் சொன்னார். பெட்ரோலுக்கு ரேஷன் இருந்ததால் அதற்கு மேல் போக முடியாது. அங்கிருந்து ரயிலில் தஞ்சாவூர். படம் எடுத்தது முதலாளியின் மகனாம், புதிதாகப் பாக்ஸ் கேமரா வாங்கியிருந்தானாம்.

காக்கிச் சட்டைக்காரரைக் காட்டிக் கேட்டதும் அத்தை பெயரைச் சொல்லிவிட்டார்! அந்த வீட்டு டிரைவர். செங்கல்பட்டில் ரயில் வருகிறவரை இரண்டு இரவு பிளாட்பாரத்தில் இவர்களோடு காவல் இருந்துவிட்டுத்தான் திரும்பினாராம். அப்பாயி சாகிற வரைக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் பெயரைச் சொல்லுவாராம். எங்கள் தலைமுறையில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை, அதை நினைத்தால் மனது தாங்கவில்லை.

இருட்டறை:
படத்தின் கீழ்ப்பக்கம் தரையில் ஒரு நிழல் விழுந்திருக்கிறதே, கவனித்தீர்களா? இரண்டு முழங்கையும் வெளியே நீட்டி, கை வயிற்றருகே. பாக்ஸ் கேமராவை அப்படித்தான் பிடிப்பார்கள், மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பது. 6க்கு 9 என்பதும் அந்த ஃபிலிமை அப்படியே தாளில் வைத்து எடுத்த கான்டாக்ட் பிரிண்ட் அளவு. அத்தை சொன்னதற்குப் படமே சாட்சி சொல்கிறது.

சுழிபுரம்:
ஈஸ்டர் ஞாயிறு குண்டைப் பற்றி எங்கட அப்பப்பாவும் சொல்லுவார். கொழும்பில் இருந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் கனபேர் ரயிலேறி ஊருக்கு வந்தவை. ஒரே கிழமையில் கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஓட்டம்.

தேனிக்காற்று:
அப்படியானால் வீட்டில் மாட்டப் போகும் படத்தில் என்ன எழுதப் போகிறீர்கள்? "தாத்தாவின் முதல் கார்" என்று பேசிவந்த சொந்தக்காரர்களுக்கு வருத்தமாக இருக்காதா? அவர்களுக்காக விட்டுவிடலாமோ என்றும் தோன்றுகிறது.

பாலக்கரை:
விடக் கூடாது தம்பி. கார் வாங்கிய தாத்தாவைவிட, குண்டு விழும் என்ற நேரத்தில் இரண்டு பிள்ளைகளையும் அண்டாவையும் பத்திரமாக ஊர் கொண்டுபோய்ச் சேர்த்த தாத்தா எனக்குப் பெரியவராகத் தெரிகிறார். அப்பாயி முகத்தில் இருப்பது கண்டிப்பு என்று முதலில் எழுதினேன். இப்போது பார்த்தால் பயத்தை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிகிறது. பழைய கதையையும் சேர்த்தே எழுதுங்கள்: "வீட்டில் இப்படிச் சொல்லிவந்தார்கள்" என்று. அதுவும் குடும்ப வரலாறுதான்.

வெண்ணாற்றங்கரை:
அப்படியே செய்கிறேன். அத்தையோடு உட்கார்ந்து எழுதியது இது:

"திருவல்லிக்கேணி, அநேகமாக 1942 ஏப்ரல். மதராஸை விட்டுக் கிளம்பும்போது. வலமிருந்து இடம்: தாத்தா, டிரைவர் (பெயர்), அப்பாயி, இடுப்பில் அத்தை. காருக்குள் மூத்த பெரியப்பா. கார் மாரிஸ் 8, தாத்தாவின் முதலாளியுடையது. படம் எடுத்தவர் முதலாளியின் மகன். தாத்தா 1936இல் வாங்கிய கார் என்று வீட்டில் சொல்லிவந்தோம். இந்த விவரம் அத்தை சொன்னது, காரையும் ஸ்கேனையும் வைத்துச் சரிபார்த்தது."

டிரைவரின் பெயரை அவர் குடும்பத்தாரைக் கேட்காமல் பொதுவில் போட வேண்டாம் என்பதால் இங்கே விட்டிருக்கிறேன், படத்தில் முழுதாக எழுதுவோம். அவருடைய பேரப்பிள்ளைகள் எங்காவது இருந்தால் ஒரு பிரதி கொடுக்க ஆசை. எப்படித் தேடுவது?

இருட்டறை:
மூலப் படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதிவிடாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். 2பி பென்சிலால், ஓரத்தில், லேசாக. சுவரில் பிரதியை மாட்டுங்கள். மூலம் நல்ல காகித உறைக்குள் இருக்கட்டும், பிளாஸ்டிக் உறை வேண்டாம்.

மயிலை மாடவீதி:
தேடுவதற்கு ஒரு வழி. அந்தக் காலக் கம்பெனிகளில் யாராவது ஓய்வு பெற்றால் குரூப் போட்டோ எடுப்பார்கள். அட்டையின் கீழே உட்கார்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள் என்று வரிசைப்படி பெயர் அச்சிட்டிருக்கும். டிரைவர்களும் பியூன்களும் கடைசி வரிசையில் நிற்பார்கள், முன்னெழுத்தோடு பெயர் இருக்கும். தாத்தா ஓய்வு பெற்றபோது எடுத்தது உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். பரணில் சுருட்டியோ சட்டம் கழற்றியோ வைத்திருப்பார்கள். முன்னெழுத்தும் பெயரும் கிடைத்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பாரிமுனைப் பழைய கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும், விசாரிக்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
டிரங்குப் பெட்டியின் அடியில் அட்டை ஒன்று சுருண்டு கிடக்கிறது. ஈரத்தில் இறுகியிருக்கிறது, பிரித்தால் உடையும் போல இருக்கிறது. இருட்டறை ஐயா, இதை எப்படித் திறப்பது?

இருட்டறை:
கை வைக்காதீர்கள். எப்படி இருக்கிறதோ அப்படியே நாலு பக்கமும் படமெடுத்து இங்கே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.